மிளகாய் காரமா, இல்லையா?

இந்த வாரம் மோல் தினத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அக்டோபர் 23, காலை 6.02 முதல் மாலை 6.02 வரை. ஒரு மோலில் எத்தனை துகள்கள் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணில் 6.02-ம் வருகிறது, பத்தின் 23ஆம் அடுக்கும் வருகிறது. அமெரிக்காக்காரர்கள் மாதத்தை முதலில் எழுதுவதால் 10/23. அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியதே 1909-இல். மனிதர் 1856-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தன் எண் என்னவென்று அவருக்கே தெரியாது.

இந்த இடத்தில்தான் எதிர்வீட்டுச் சிறுமி காலாண்டு விடைத்தாளோடு உள்ளே வந்தாள். எட்டாம் வகுப்பு. மூக்கு சிவந்திருந்தது.

"தாத்தா, காரத்துக்கு ரெண்டு உதாரணம் கேட்டாங்க. மிளகாய், மிளகுன்னு எழுதினேன். தப்புன்னு போட்டுட்டாங்க. நீங்களே சொல்லுங்க, மிளகாய் காரமில்லையா?"

விடைத்தாளில் இரண்டு சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரு வார்த்தை விளக்கமில்லை. மோல் அன்றோடு போயிற்று.

எடை, நிறை என்ற சொற்களின் குழப்பத்துக்காக இந்தப் பத்தியில் நான் வாரக்கணக்கில் அழுததைப் படித்து அலுத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது அதைவிடப் பெரிய அநியாயம். நீரில் கரைந்து ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம் என்கிறது பாடம். அர்ரேனியஸ் என்ற விஞ்ஞானி சொன்ன இலக்கணம் அது. கசக்கும், தொட்டால் சோப்பு போல வழுக்கும். சாப்பாட்டு மேசையில் "காரம் தூக்கல்" என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் தண்ணீரில் கரையக்கூட மறுக்கும். நாக்கில் சூட்டை உணரும் ஏற்பிகளைப் போய்த் தட்டும். மூளை நெருப்பு என்று அலறும். எட்டாம் வகுப்புப் பிள்ளை இதையெல்லாம் எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்? புத்தகமும் சமையற்கட்டும் ஒரே சொல்லைச் சொன்னால் அது சமையற்கட்டைத்தான் நம்பும்.

ஆனால் சொல்லையும் குறை சொல்ல முடியவில்லை. க்ஷாரம் என்ற வடசொல்லின் வழி வந்த காரம் முதலில் சாம்பல் உப்பைத்தான் குறித்தது. அந்த வாசனை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. துணிக்குச் சவர்க்காரம், அப்பளத்துக்கு அப்பளக்காரம், சித்த மருந்துக்கு வெங்காரம். மூன்றும் நீரில் கரைந்தால் ரசாயனப்படி அசல் காரக் குணம் காட்டுபவை. அப்பளம் இட்ட கிழவிகள் அர்ரேனியஸ் பிறக்கும் முன்பே பாஸாகிவிட்டவர்கள்.

இந்தக் குடும்பத்தில் ஒரு கறுப்பு ஆடு உண்டு: படிகாரம். சலூனில் சவரம் முடிந்ததும் ஈரக் கல்லை எடுத்துக் கன்னத்தில் தேய்ப்பாரே, அது. கடை வாசலில் திருஷ்டிக்குத் தொங்குவதும் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைப்பதும் அதுதான். பெயரில் காரம், குணத்தில் அமிலம்! அதிலுள்ள அலுமினிய அயனி நீர் மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்து, அவற்றிலிருந்து ஹைட்ரஜன் அயனியைக் கழற்றிவிடுகிறது. நீல லிட்மஸ் சிவந்துவிடும். சிறுமி 'படிகாரம்' என்று எழுதியிருந்தால் ஆசிரியர் சரி போட்டிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இலங்கைத் தமிழர்கள் இந்தக் குழப்பத்தில் பாதியைத் தவிர்த்துவிட்டார்கள். அவர்கள் பாடநூலில் பொதுப்பெயர் மூலம். அதில் நீரில் கரைவது மட்டும் காரம். நமக்குத் தனிமம், அவர்களுக்கு மூலகம். நமக்குச் சேர்மம், அவர்களுக்குச் சேர்வை. நம் ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன். மூலம் என்ற சொல்லை இங்கே கடன் வாங்கலாம் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். பேருந்து நிலையச் சுவரெல்லாம் மூலம், பௌத்திரம் விளம்பரம். எட்டாம் வகுப்பு முழுக்கச் சிரிக்கும். வேண்டாம்.

சிறுமியைச் சமையற்கட்டுக்கு அழைத்துப் போனேன். மஞ்சள்தூளைக் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் பூசி, மின்விசிறியடியில் காயவைத்து, கீற்றுக் கீற்றாக நறுக்கினோம். அப்பளக்காரக் கரைசலில் தொட்டதும் செக்கச்செவேல் என்று ஆனது, ஆரத்தித் தட்டைப் போல. சாம்பார் கறை பட்ட வேட்டியில் சோப்பு போட்டால் சிவப்பதும் இதேதான் என்றதும் அவள் முகம் மாறியது. படிகாரத் தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. மிளகாய் ஊறிய தண்ணீரிலும் அப்படியே.

"அப்போ மிளகாய் காரமில்லையா தாத்தா?"

"காரம்தான். பரீட்சையில் மட்டும் இல்லை."

நீங்களும் செய்து பாருங்கள். மிளகாயைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்; கை கழுவாமல் கண்ணைத் தேய்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.