அஸ்கொட்டில் வென்றவர் யார்?

2024ஆம் ஆண்டு ஜூன் 18 முதல் 22 வரை இங்கிலாந்தின் அஸ்கொட் திடலில் நடைபெற்ற குதிரைப் பந்தயங்களின் முடிவுகள் கேகாலைத் தோட்டங்களிலும் பேசப்பட்டன. அங்கே பிற்பகல் இரண்டரை மணிக்கு முதல் ஓட்டம். இங்கே இரவு ஏழு மணி. நகரத்துப் பந்தயக் கடையில் வேலை முடித்த கைகள் சீட்டுடன் காத்திருக்கும் வேளை அது.

தங்கக் கிண்ணத்தைக் கைப்ரியோஸ் வென்றது. 2022இல் வென்று, மறு ஆண்டு நோயால் விலகி நின்ற குதிரை, இரண்டரை மைல் ஓடி அக்கிண்ணத்தை மீட்டது பாராட்டத்தக்கதே. ஓட்டியவர் றையன் மூர். பயிற்றியவர் அயர்லாந்தின் எய்டன் ஓபிரையன். குதிரைமீது நமக்குப் பகையில்லை.

கணக்கே நம்மை உறுத்துகிறது. பலரும் எதிர்பார்த்த அக்குதிரைமீது நூறு ரூபா கட்டியவருக்கு இலாபம் ஏறத்தாழ இன்னொரு நூறுதான். ஏனைய ஓட்டங்களில் தோற்றதை அது ஈடுசெய்யுமா? எக்குதிரை வந்தாலும் கடைக்குப் பங்கு மிஞ்சுமாறே விகிதம் அமைகிறது. அரசாங்கமும் வரி எடுத்துக்கொள்கிறது.

அதே நாட்களில் 1,700 ரூபா நாட்சம்பள வர்த்தமானியை எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றத்தில் நின்றன. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் முடிவானது 1,350. அதுவும் பேர் விழுந்தால்தான். ஆனி மழையில் றப்பர் மரத்தில் பால்வெட்டு ஏது?

சீட்டு வாங்கும் தொழிலாளியைச் சூதாடி என்று ஏசுவோர் உளர். அவன் கூலியையே பந்தயமாக்கி வழக்காடியவர்களை அவர்கள் என்ன பெயரிட்டு அழைப்பர்?