தண்ணி டெஸ்ட் முடியட்டும், அப்புறம் தேதி பார்க்கலாம்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டைப் புதுப்பித்துக் கொண்டிருப்பவர்களும் இனிமேல் செய்யப் போகிறவர்களும் பொறுமையாகப் படிக்கவும்.

ஆடி பிறக்குறதுக்கு முன்னால புதுமனை புகுவிழாவை முடிச்சிடணும்னு பல குடும்பங்கள் ஓடுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். குருக்கள்கிட்ட தேதி வாங்கியாச்சு, கார்டு அடிச்சாச்சு, சாப்பாட்டுக்கும் சொல்லியாச்சு. பாத்ரூம் பைப் மட்டும் இன்னும் சுவரில் திறந்தபடி கிடக்கும். அப்புறம் என்ன, கான்ட்ராக்டர் ரெண்டே நாளில் பைப்பைச் சேர்த்து, சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டிக் கொடுத்துவிடுவார். விழா அன்னைக்கு வீடு பளபளன்னு இருக்கும். உள்ளே கசியிறது வெளியே தெரிய சில மாசம் ஆகும்.

என் கருத்து இதுதான். தண்ணீர் சோதனை முடியாமல் யாரும் குருக்களிடம் தேதி கேட்டுப் போகக்கூடாது. நல்ல நேரத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் பஞ்சாங்கம் பார்க்கிறவன்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரே ஒரு நல்ல நாளா இருக்கு? இந்த மாசம் தவறினால் ஆவணியில் வைக்கலாம். ஒட்டின டைல்ஸை உடைக்கிறதுக்கு எந்த முகூர்த்தமும் கிடையாது.

நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கள் லைனில் ஒரு பொருளை மூடுறதுக்கு முன்னால உள்ளே சரியா இருக்கான்னு பார்த்து கையெழுத்து போடணும். சந்தேகம்னா அங்கேயே நிறுத்தி வைப்போம், லாரி வெளியே காத்துக்கிட்டு இருந்தாலும் சரி. வீட்டு வேலையில் மட்டும் அந்த ஒழுங்கு நமக்கு வர மாட்டேங்குது. காரணம் கூச்சம். "நம்ம ஆளு, கோயிலுக்கு வர்றவரு, அவரைப் போய் டெஸ்ட் பண்ணிக் காட்டுன்னு கேட்டா தப்பா நினைச்சுக்குவாரே" என்கிறார்கள். கேட்காமல் விட்டதால்தான் கடைசியில் முகத்தைக் கூட பார்க்க முடியாமல் போகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். லிங்க் ஹவுஸ், சமையலறை பின்பக்கம். வாஸ்து பார்த்து சிங்க்கை அக்கினி மூலைக்கு மாத்தினாங்க. அந்த வீட்டுக்கு அது முன்பக்கம். சாக்கடை இருப்பதோ பின் சந்தில். ஆக கழிவுநீர் பைப் ஹாலுக்கு அடியில் 20 அடிக்கு மேல ஓடணும். 2 அங்குல பைப்புக்கு அடிக்கு கால் அங்குலம் சரிவு வேணும் என்பது பொதுக் கணக்கு. 20 அடிக்கு 5 அங்குலம் இறங்கணும். தேதி நெருங்கிடுச்சுன்னு அவ்வளவு ஆழம் தோண்டவில்லை, பைப்பைக் கிட்டத்தட்ட மட்டமாவே போட்டு மூடிட்டாங்க. எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் தேங்கி அடைச்சு, மூட்டு விலகி, சாமி அறை சுவர் வரைக்கும் ஈரம் ஏறிடுச்சு. செஞ்சவரும் நம்ம கோயில் பக்தர்தான். இப்போ வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஒருத்தர் வந்தால் மற்றவர் வருவதில்லை. எனக்கு அந்த ஈரச் சுவரை விட இதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

முழுக் குற்றமும் கான்ட்ராக்டர் மேல்தான் என்று நான் சொல்ல மாட்டேன். "இத்தனாம் தேதிக்குள்ள முடிக்கணும்" என்று நெருக்கியது யார்? ஆனால் சரிவு பத்தாது என்று தெரிந்தவர் அதை வாய் திறந்து சொல்லியிருக்கணும். அது அவர் தொழில்.

சரி, எதைப் பார்க்கணும்? சுவருக்குள் போகும் பைப்பில் கை பம்ப் வைத்து பிரஷர் ஏத்தச் சொல்லுங்க. ஒரு மணி நேரமாவது முள் இறங்காமல் நிற்கணும். குளியலறைத் தரையில் வாட்டர்புரூஃப் பூசிக் காய்ந்ததும் ஃப்ளோர் டிராப்பை அடைச்சு, தண்ணி தேக்கி 24 மணி நேரம் விடணும். மூடுறதுக்கு முன்னால ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் வச்சு போட்டோ எடுத்துக்குங்க. பின்னாடி டவல் கம்பி மாட்ட ஓட்டை போடும்போது பைப்பைக் குத்தாமல் இருக்கவும் அது உதவும்.

எல்லா குழாயையும் மூடிட்டு மீட்டர் ஓடுதான்னு பாருங்கன்னு சிலர் சொல்வாங்க. நம்ம ஊர் வீடுகளுக்கு அது மட்டும் பத்தாது. பாத்ரூமுக்குப் பெரும்பாலும் கூரைத் தொட்டித் தண்ணீர்தான் வரும். தொட்டியில் மிதவை இறங்கினால்தான் மீட்டர் ஓடும், சின்னக் கசிவு உடனே தெரியாது. ராத்திரி தொட்டிக்கு வரும் வால்வை மூடி, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்க. யாரும் தண்ணீர் புழங்காமல் இருந்து காலையில் பாருங்க. கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கேயோ கசியுது.

அப்படியும் கோளாறு வந்தால் முதலில் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க. கோயில் குரூப்பில் அறவே வேண்டாம். செஞ்சவரை நேரில் கூப்பிட்டுக் காட்டி, எதை எப்போ சரி செய்வார் என்று எழுதி வாங்குங்க. இதுக்காகத்தான் கடைசி 10 விழுக்காட்டுப் பணத்தைக் கையில் வச்சிருக்கணும். முழுசா கொடுத்துட்டு அவரைத் தேடி அலையறதில் பலன் இல்லை. அவர் வரவே மாட்டேங்கிறார்னா, பயனீட்டாளர் டிரிபியூனல் இருக்கு. மனு கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. 3 வருஷத்துக்குள் போகணும். ரசீதும் போட்டோவும் இல்லாமல் போனால் பேச்சு நிற்காது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ் வீட்டுக் கூரையில் தண்ணி சொட்டினால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை மேல் வீட்டுக் கோளாறு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். புகார் கொடுத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்கணும். கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் கோபப்படாமல் உள்ளே விட்டுக் காட்டுங்க.

ஆவணியில் தேதி பார்க்க நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் பின்பக்கம் வாங்க. பாத்திரம் கழுவுற இடத்தில்தான் இருப்பேன். பைப் போட்டோ கையோட கொண்டு வந்தால் நானும் ஒரு கண்ணு பார்த்துச் சொல்றேன்.