ஓதியவரும் எழுதியவரும்

பௌத்த நூல்களைச் சீனத்துக்குக் கொண்டுபோன முன்னோடிகள் பலர் இந்தியரும் அல்லர், சீனரும் அல்லர். கி.பி. 148இல் சீனத் தலைநகர் லுவோயாங் வந்துசேர்ந்த ஆன் ஷிகாவோ பார்த்தியர். அடுத்து வந்த லோகக்ஷேமர் குஷாண நாட்டவர். அவர்கள் மொழிபெயர்த்த முறை இது: ஒருவர் மூலத்தை ஓதுவார், அருகிலிருப்பவர் தனக்குத் தெரிந்த அளவில் சீனத்தில் சொல்வார், மூன்றாமவர் எழுதுவார், பிறகு வேறொருவர் நடையைச் செப்பனிடுவார். இரு மொழியிலும் கரைகண்டவர் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

பின்னாளில் வந்த பெரும் மொழிபெயர்ப்பாளர் குமாரஜீவர் மத்திய ஆசியாவின் கூச்சா நகரத்தவர். படையெடுப்பில் பிடிபட்டு, எல்லைப்புற லியாங்ஜோவில் பதினாறு, பதினேழு ஆண்டுகளைக் கழித்தவர். 401இன் இறுதியில் மன்னர் யாவ் சிங் அவரைத் தம் தலைநகர் சாங்கானுக்கு வரவழைத்தார். 403இல் பெரிய பிரஜ்ஞாபாரமிதை என்னும் பௌத்த நூலை மொழிபெயர்க்க எடுத்தபோது குமாரஜீவர் கையில் மூலம், மன்னர் கையில் பழைய மொழிபெயர்ப்பு. சுற்றி ஐந்நூறுக்கும் மேற்பட்ட துறவிகள். முன்னோர் விட்ட பிழைகளைச் சபையிலேயே வாய்விட்டுப் பேசித் திருத்தினார்கள். அவருடைய மேதைமையைவிட இந்தச் சபையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் பக்கம் என்ன நடந்தது? சுமார் 640இல் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், திராவிட நாட்டில் நூறு விகாரைகளும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். உறையூர்ப் புத்ததத்தர் பாலியில் எழுதினார். தென்னாட்டு வஜ்ரபோதி கடல்வழியே போய்ச் சீனத்தில் தந்திர நூல்களைப் பெயர்த்தார். தமிழுக்கு மணிமேகலை என்னும் பௌத்தக் காப்பியம் வாய்த்தது. ஆனால் அந்நாளில் பௌத்த மூலநூல் தொகுப்பான திரிபிடகம் முழுதாகத் தமிழில் வந்ததற்குச் சான்றில்லை. அறிவாளிகளை அனுப்பிக்கொண்டே இருந்தோம், சாங்கானில் இருந்ததுபோல் ஒரு சபையை இங்கே கூட்டவில்லை. இது எனக்கு ஆறாத குறை.

பௌத்த நூல்கள் மொழிவிட்டு மொழி போன இந்தக் கதையில் டென்மார்க்குக்கும் பங்குண்டு. டேனிஷ் மொழியியலாளர் ராஸ்முஸ் ராஸ்க் இலங்கையில் சேகரித்த பாலி ஓலைச்சுவடிகளோடு 1823இல் கொப்பன்ஹேகன் திரும்பினார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1855இல், விக்கோ ஃபௌஸ்பொல் தம்மபதத்தை இலத்தீன் மொழிபெயர்ப்போடு அங்கே பதிப்பித்தார்.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் உள்ளிட்ட யூலாந்து நகரங்களில் வாழும் ஈழத்தமிழரிடம் இன்று இருக்கும் நிலை அந்த லுவோயாங் நிலைதான். அம்மம்மாவுக்குத் தமிழ் ஆழமாகத் தெரியும், டேனிஷ் கடைத்தெரு அளவுக்கு. பேத்திக்கு டேனிஷ் தாய்மொழி போல, தமிழ் வீட்டுப் பேச்சளவுக்கு. இருவரில் எவராலும் தனியாக டேனிஷ் கதாசிரியர் ஆண்டர்சனின் ஒரு கதையைக்கூட ஆங்கிலத்தின் துணையின்றித் தமிழாக்க முடியாது. ஒரே மேசையில் உட்கார்ந்தால் முடியும்: பேத்தி வாசித்துப் பொருள் சொல்லட்டும், அம்மம்மா தமிழில் சொல்லட்டும், நடுவில் ஒருவர் எழுதட்டும். வார இறுதித் தமிழ் வகுப்புகள் இதைப் பாடமாகவே வைக்க வேண்டும். அம்மம்மாக்கள் இருக்கும்போதே வைக்க வேண்டும்.