ஜிமேட் தேர்வும் நம் பிழைதிருத்தப் பழக்கமும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாதான். ஆயினும், சுங்கை பினாங்கிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் பயின்று, பட்டம் பெற்று, இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் இளையோர் சிலர் இத்தேர்வைப் பற்றி என்னிடம் பேசுவதுண்டு. எந்த நூலை வாங்குவது, எந்தப் பயிற்சி மையத்தில் சேர்வது, எத்தனை ஆயிரம் கணக்குகளைச் செய்து முடிப்பது என்பனவே அவர்கள் எழுப்பும் வினாக்கள்.

இத்தேர்வின் அமைப்பை ஊன்றிப் பார்த்தபின் எனக்குத் தோன்றிய கருத்து ஒன்றே. இத்தேர்வுக்கு வேண்டிய பாடம் பெரும்பாலும் நம் இளையோரிடம் முன்பே இருக்கிறது. இல்லாதது, செய்த பிழையின் காரணத்தை ஆராயும் பழக்கம். அப்பழக்கத்தைத் தொடக்கப்பள்ளியிலேயே ஊட்டியிருக்க வேண்டும். எனவேதான் இஃது ஆசிரியர்களாகிய நம்மையும் தொடுகிறது.

தேர்வின் வடிவம்

வணிக நிருவாக மேற்படிப்புக்கு மாணவர்களைத் தெரிவு செய்வதற்காக அமெரிக்காவில் உருவான தேர்வு இது. 1954இல் முதன்முதலாக நடத்தப்பட்டது. 1976இல் ஜிமேட் என்னும் பெயரைப் பெற்றது. 1997 முதல் கணினிவழித் தேர்வாயிற்று. நாம் அளிக்கும் விடைகளுக்கேற்ப அடுத்து வரும் வினாவின் கடினம் கூடும் அல்லது குறையும்.

2023 நவம்பரில் புதிய வடிவம் அறிமுகமானது. 2024 பிப்ரவரி முதல் அதுவே நடப்பில் உள்ளது. மூன்று பகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். கணிதச் சிந்தனையில் 21 வினாக்கள், மொழிச் சிந்தனையில் 23 வினாக்கள், தரவுப் பகுப்பாய்வில் 20 வினாக்கள். ஆக மொத்தம் 64 வினாக்கள், இரண்டேகால் மணி நேரம். மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன்? பழைய நூல்களை வைத்துக்கொண்டு தயாராவோர் இன்னமும் இருக்கின்றனர். கட்டுரை எழுதும் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. வாக்கியப் பிழை திருத்தும் இலக்கண வினாக்களும் வடிவியலும் நீக்கப்பட்டுவிட்டன. அண்ணன் கொடுத்தார், அக்காள் கொடுத்தார் என்று பழைய நூலை எடுத்து, தேர்வில் வாராத பாடத்தில் இரண்டு மாதங்களைச் செலவிடுவது வீண். மதிப்பெண்ணும் அவ்வாறே. முன்பு எழுதியவர்கள் 700 பெற வேண்டும் என்பார்கள். பழைய 700க்கு நிகரானது புதிய அளவில் ஏறத்தாழ 645. இதனை அறியாமல் மனம் சோர்ந்துபோவதில் பொருளில்லை.

இன்னொன்று. சேர விரும்பும் கல்விக்கூடம் இத்தேர்வைக் கேட்கிறதா என்பதை அதன் நடப்பாண்டு அறிவிப்பில் முதலில் பாருங்கள். எல்லா எம்.பி.ஏ.வுக்கும் ஜிமேட் தேவையில்லை. தேர்வுக் கட்டணமே ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. தேவையற்ற தேர்வுக்கு அத்தொகையைச் செலவிட வேண்டுமா?

கணிதம்: ஆறாம் ஆண்டில் தொடங்குகிறது

கணிதப் பகுதியில் வருபவை பின்னம், விழுக்காடு, விகிதம், சராசரி, எண்களின் இயல்பு, எளிய இயற்கணிதம் ஆகியவையே. பல்கலைக்கழகக் கணிதம் ஏதுமில்லை. கணிப்பானும் இல்லை, திரையில் தோன்றும் கணிப்பான் தரவுப் பகுப்பாய்வுப் பகுதிக்கு மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டு. 100 ரிங்கிட் சேலையின் விலையைத் தீபாவளிக்கு முன்பு கடைக்காரர் 20 விழுக்காடு உயர்த்துகிறார். பின்னர் 20 விழுக்காடு கழிவு என்று அறிவிக்கிறார். சேலையின் விலை இப்போது என்ன? பட்டதாரிகள் பலர் சட்டென்று 100 என்பார்கள். விடை 96. ஏனெனில், இரண்டாவது 20 விழுக்காடு 120லிருந்து கணக்கிடப்படுகிறது. இங்குத் தடுமாறுபவருக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை. 'எதில் 20 விழுக்காடு?' என்று தம்மைத்தாமே கேட்கத் தவறினார், அவ்வளவே.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. அவ்வாண்டு முதலாம் ஆண்டில் காலடி வைத்த குழந்தைகள் இன்று முப்பது வயதையொட்டி இருப்பர். எம்.பி.ஏ. படிப்புக்கு எண்ணமிடும் வயது அது. அக்கொள்கை சரியா, தவறா என்னும் பழைய வழக்கை இங்கு மீண்டும் கிளற விரும்பவில்லை. ஆனால், கணிதத்தின் ஆங்கிலச் சொற்கள் அத்தலைமுறைக்குப் புதியன அல்ல என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அச்சம் தேவையில்லை. ஆறாம் ஆண்டுக் கணித நூலிலிருந்து தொடங்கி, இடைநிலைப்பள்ளி இயற்கணிதத்தை மீட்டுணர்ந்தாலே அடித்தளம் உறுதியாகிவிடும்.

விடையைக் கேட்காத வினா

நம்மவர்க்குப் பெருந்தடையாக அமைவது தரவுப் பகுப்பாய்வில் வரும் ஒரு வினாவகை. அது விடையைக் கேட்பதில்லை; விடை காண்பதற்குக் கொடுக்கப்பட்ட தகவல் போதுமா என்று மட்டுமே கேட்கும். நானே அமைத்த ஒரு மாதிரியைக் காண்க:

ஒரு வகுப்பில் மாணவிகள் எத்தனை பேர்?
முதல் தகவல்: மாணவர்களைவிட மாணவிகள் 6 பேர் அதிகம்.
இரண்டாம் தகவல்: மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் உள்ள விகிதம் 4:3.

முதல் தகவல் மட்டும் போதாது. இரண்டாவது மட்டும் போதாது. 8 பேரும் 6 பேருமாக இருக்கலாம், 16 பேரும் 12 பேருமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் போதும். விகிதத்தின் ஒரு பங்கு 6 என்றாகிவிடுகிறது. மாணவிகள் 24 என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டியதே இல்லை. 'போதும்' என்று கண்டவுடன் அடுத்த வினாவுக்குச் சென்றுவிடலாம்.

விடையைக் கண்டுபிடித்துக் கோடிட்டுப் பழகிய நமக்கு இது விந்தையாகப் படும். ஆனால், நிருவாகியின் அன்றாட வேலையே இதுதான் அல்லவா? முடிவெடுக்கும் அளவுக்குத் தகவல் கைவசம் உள்ளதா, இன்னும் கேட்டறிய வேண்டுமா என்று பிரித்தறிவது.

மொழி: நம் கருத்துணர்தல் பாடமே

ஆங்கிலம் போதாது என்று தயங்குவோர்க்கு ஒரு சொல். இப்போதைய மொழிப் பகுதியில் இரண்டே வகை வினாக்கள்: ஒன்று, பத்தியைப் படித்துப் பொருள் கொள்ளுதல், மற்றொன்று, ஒரு வாதத்தின் வலுவையும் ஓட்டையையும் காணுதல். அருஞ்சொற் பட்டியலை மனனம் செய்வதால் பயன் மிகக் குறைவு. நாம் தமிழ்மொழிப் பாடத்தில் கருத்துணர்தல் என்று கற்பிப்பது எதுவோ, அதுவே அங்கு ஆங்கிலத்தில் சோதிக்கப்படுகிறது.

ஒரு வாதத்தைப் பாருங்கள். "எங்கள் மையத்தில் பயின்ற பத்துப் பேரில் ஒன்பது பேர் உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். ஆகவே, எங்கள் பயிற்சியே சிறந்தது." இதன் ஓட்டை எங்கே? ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களை மட்டுமே அம்மையம் சேர்த்துக்கொண்டிருந்தால், அந்த ஒன்பது பேரின் வெற்றிக்கு மையம் எப்படிக் காரணமாகும்? பல்லாயிரம் ரிங்கிட் கொடுத்துப் பிரத்தியேக வகுப்பில் சேரும் முன்னர், அதன் விளம்பரத்தையே முதல் பயிற்சி வினாவாகக் கொள்ளலாம்!

நான் பரிந்துரைக்கும் முறை எளியது. நாள்தோறும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் படியுங்கள். பின்னர் அதனை மூடிவைத்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார், எதைக் காரணமாகக் காட்டுகிறார், எதைச் சொல்லாமலே உண்மை என்று எடுத்துக்கொள்கிறார் என மூன்று வரிகளைத் தமிழில் எழுதுங்கள். தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் ஆங்கிலத்திலும் விளங்கவில்லை என்றே பொருள். தாய்மொழியில் எண்ணுவது ஆங்கிலத் தேர்வுக்கு இடையூறு என்பாரின் கூற்றை நான் ஏற்பதற்கில்லை. வாதத்தைப் பகுத்தாராய்வது நமக்கு அயலான கலையுமன்று. மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டி, அவற்றில் நேரும் போலிகளையும் வகைப்படுத்துகிறது. பள்ளியில் அக்காப்பியத்தின் பெயரை மட்டும் மனனம் செய்துவிட்டு, அதிலுள்ள அறிவை விட்டுவிடுகிறோம்.

பிழைக் குறிப்பேடு

இனி, நான் வலியுறுத்த விரும்புவதற்கு வருகிறேன். நம் மாணவர்கள் பயிற்சி நூல்களை அடுக்கடுக்காகச் செய்து முடிக்கின்றனர். விடைப் பக்கத்தைப் புரட்டிச் சரி, தவறு என்று குறித்து, மதிப்பெண்ணைக் கூட்டி, அடுத்த நூலைத் திறக்கின்றனர். ஆயிரம் கணக்குகள் செய்தும் அதே பிழை ஆயிரத்தொன்றாவது கணக்கிலும் வருகிறது.

அதற்கு மாற்றாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் காரணத்தை எழுதுங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றாகவே இருக்கும்:

1. பாடமே தெரியவில்லை.
2. பாடம் தெரியும், வினாவைத் தவறாகப் படித்தேன்.
3. வழி தெரியும், நேரம் போதவில்லை.
4. இரண்டு விடைகளில் எது என்று தெரியாமல் ஊகித்தேன்.

ஊகித்துச் சரியாக வந்த வினாவையும் இதில் சேர்க்க வேண்டும். இரண்டு வாரங்களில் உங்கள் நோய் எதுவென்று குறிப்பேடே காட்டிவிடும். முதல் காரணமுடையவர் பாடநூலுக்குத் திரும்ப வேண்டும். இரண்டாம் காரணமுடையவருக்கு மேலும் ஆயிரம் கணக்குகள் பயன்தரமாட்டா. வினாவின் இறுதி வரியை இருமுறை படிக்கும் பழக்கமே மருந்து. மூன்றாம் காரணமுடையவர் ஒரு வினாவுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் என்னும் கணக்கை உடலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இரண்டரை நிமிடத்தில் வழி தெரியாவிடில் ஒரு விடையைத் தேர்ந்துவிட்டு நகர வேண்டும். ஏனெனில், விடையளிக்காமல் விட்ட வினாக்கள் மதிப்பெண்ணைக் குறைக்கும். பகுதியின் முடிவில் நேரம் மிஞ்சினால், மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ளவும் இப்புதிய வடிவம் இடமளிக்கிறது. நான்காம் காரணமுடையவர், தாம் விட்ட விடை ஏன் சரி, எடுத்த விடை ஏன் தவறு என்று இரண்டையும் எழுத வேண்டும்.

வேலைக்குச் செல்வோர்க்கு வாரம் பத்து மணி நேரமாகப் பன்னிரண்டு வாரங்கள் போதும் என்பது என் மதிப்பீடு. தேர்வை நடத்துவோரே இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாக வழங்குகின்றனர். ஒன்றை முதல் வாரத்திலேயே எழுதி நிலையை அறியுங்கள். மற்றொன்றைப் பத்தாம் வாரம் வரை தொடாதீர்கள். முதல் முறை வேண்டிய மதிப்பெண் வரவில்லையாயினும் 16 நாள் கழித்து மீண்டும் எழுதலாம். ஆனால், குறிப்பேட்டைத் திருப்பிப் பாராமல் மீண்டும் எழுதுவது கட்டணத்துக்குத்தான் கேடு.

குறுக்குவழி தேடுவோர்க்கு

2014ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் வினாத்தாள் கசிந்ததும், நாடெங்கும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அறிவியலையும் ஆங்கிலத்தையும் மீண்டும் எழுத நேர்ந்ததும் நினைவிருக்கும். ஜிமேட் தேர்விலும் அத்தகைய நிகழ்வு உண்டு. தேர்வில் வந்த வினாக்களை விற்ற ஸ்கோர்டாப் என்னும் இணையத்தளம் 2008இல் நீதிமன்ற ஆணையால் முடக்கப்பட்டது. அதனைப் பயன்படுத்தியோர் சிலரின் மதிப்பெண்களும் நீக்கப்பட்டன. கசிந்த வினாவைத் தேடுவோர் ஏமாற்றுவது தேர்வை மட்டுமன்று. நாளை தம்மை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கும் நிறுவனத்தையும்தான்.

ஆசிரியப் பெருமக்களுக்கு

நம் வகுப்பறைகளில் பிழைதிருத்தம் என்பது எப்படி நடக்கிறது? கரும்பலகையில் சரியான விடை, மாணவர் அதைப் பார்த்து எழுதுவர், ஆசிரியர் கையொப்பமிடுவார். ஏன் தவறியது என்பதற்கு ஏட்டில் இடமே இல்லை. உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் வந்தபோதும், அவற்றுக்கு மாதிரி விடைத் தொகுப்புகள் கடைக்கு வந்துவிட்டன! சிந்தனையையும் மனனம் செய்யும் கொடுமையை என்னென்பது?

2021இல் யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டபோது, இனி மதிப்பெண் ஓட்டம் ஓய்ந்து பிள்ளைகள் சிந்திக்கக் கற்பார்கள் என்றனர். தேர்வை நீக்கியதால் மட்டும் அது நிகழ்ந்துவிடாது. ஒரு சிறு மாற்றத்தை நாம் செய்யலாம். அடுத்த முறை பிழைதிருத்தம் எழுதச் சொல்லும்போது, சரியான விடைக்குக் கீழே 'நான் ஏன் தவறினேன்?' என்று ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பத்து வயதில் அந்த ஒரு வரியை நேர்மையாக எழுதப் பழகிய பிள்ளை, முப்பது வயதில் எந்தத் தேர்வுக்கும் தன்னைத்தானே ஆயத்தப்படுத்திக்கொள்ளும்.