நாற்காலியைக் கேட்பது யார்?

கிரிவலம் 14 கிலோமீட்டர். கால் வலித்தால் பக்தர் வழியில் எங்கேயாவது உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதே திருவண்ணாமலையில், தேரடி வீதி ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடும் பெண் உட்கார்ந்தால்?

உட்காரலாம் என்கிறது சட்டம்! 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தரவேண்டும், வேலை நேரம் முழுக்க நிற்கவைக்கக் கூடாது. நல்ல சட்டம், கைதட்டலாம். முதலாளி நாற்காலி போடாவிட்டால் கேட்பது யார்?

அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தகுந்த காரணமில்லாமல் நீக்கக் கூடாது, ஒரு மாத நோட்டீஸோ சம்பளமோ தரவேண்டும், மேல்முறையீடு செய்யலாம்... எல்லாம் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு மட்டும். தீபாவளிக்கும் தீபத்துக்கும் சேர்த்துக்கொண்ட பெண் ரெண்டாவது மாதமே "அண்ணே, ஒரு ஸ்டூல் போடுங்க" என்று கேட்டால், "நாளையிலேர்ந்து வர வேணாம்மா" என்று சொல்ல அந்தப் பிரிவு தடுக்காது. ஆறு மாதம் தாண்டியவள் சேர்ந்த தேதியை நிரூபிக்கணும். (அப்பாயின்மென்ட் ஆர்டரா? அது என்ன விலை?)

"பிடிக்கலேன்னா வேற கடைக்குப் போகட்டுமே" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. அந்தக் கடையில் மட்டும் வாயைத் திறக்கலாமா?

கேரளா 2018-லேயே இந்த உரிமையைக் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் பல வருடம் கூட்டமாகச் சேர்ந்து கேட்டார்கள். தனியாக ஒருத்தி கேட்டிருந்தால் அன்று சாயந்திரமே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள்.

22-ஏ-க்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதட்டும்: இருக்கை கேட்டதற்காக, சேர்ந்து ஒரு வாரமே ஆனவரைக்கூட நீக்கக் கூடாது.