ஐந்தருவி பக்கத்துல வீடு, சென்னையில ஆபீஸ்: வொர்க் ஃப்ரம் ஹோம் ஏன் சிலருக்குக் கைகொடுக்கிறது, சிலருக்குக் காலை வாருகிறது?

ஜூன் மாதம் சாரல் ஆரம்பித்துவிட்டால் ஐந்தருவிக்கு வண்டி வண்டியாகக் கூட்டம் வரும். குளித்து முடித்து, ஈரத் துண்டோடு சூடா பஜ்ஜி சாப்பிடும்போது ஐ.டி. ஊழியர்களுக்கு ஒரு யோசனை வராமல் இருக்காது: "இங்கேயே ஒரு வீடு எடுத்து லேப்டாப்போட உட்கார்ந்துட்டா என்ன?"

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அது நிஜமாகவே நடந்தது. சென்னை, பெங்களூருவில் இருந்து ஊர் திரும்பியவர்கள் தென்காசி, செங்கோட்டை வீடுகளில் இருந்தே வேலை பார்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறையும் விதிகளைத் தளர்த்தி, வீட்டிலிருந்து வேலை செய்வதை எளிதாக்கியது. 2025-க்குள் 25 சதவீத ஊழியர்கள் ஆபீஸுக்கு வந்தால் போதும் என்று டி.சி.எஸ். அறிவித்ததும் அந்த ஆண்டில்தான்.

ஆனால் 2023 அக்டோபரில் அதே டி.சி.எஸ்., வாரம் 5 நாளும் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டது. வீட்டு வாடகை, சாப்பாட்டுச் செலவு மிச்சம், அப்பா அம்மா பக்கத்தில் என்று கணக்குப் போட்டவர்களுக்கு மறுபடியும் பொதிகை எக்ஸ்பிரஸ்தான்.

வீட்டில் இருந்தால் வேலை நடக்காதா?

நடக்கும். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சீனாவின் ஷாங்காய் நகரில் சி-ட்ரிப் என்ற பயண நிறுவனம், விருப்பப்பட்ட கால் சென்டர் ஊழியர்களில் ஒரு பகுதியினரை வாரத்தில் 4 நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டது. ஸ்டான்ஃபோர்டு பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் புளூம் குழு 9 மாதம் கவனித்தது. வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியிருந்தது. இடைவேளையும் லீவும் குறைந்தது பெரிய காரணம்.

சுவாரசியமே அதற்குப் பிறகுதான். சோதனை முடிந்ததும் "எங்கிருந்து வேலை செய்ய விருப்பம்?" என்று கேட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் சுமார் பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பினார்கள். முக்கியமான குறை, தனிமை. இன்னொன்றும் தெரிந்தது: ஒரே அளவு திறமை காட்டினாலும், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு வாய்ப்பு குறைவாக இருந்தது. கண்ணில் படாதவர் கணக்கிலும் வருவதில்லை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 61,000 அமெரிக்க ஊழியர்களை வைத்து 2021-ல் வெளியான ஆய்வும் இதையொட்டியே பேசியது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, சொந்த டீமோடு பேச்சு இறுகியது; பக்கத்து டீமோடு இருந்த தொடர்பு சுருங்கியது. ஒரு டீக்கடைப் பேச்சில் தீர்ந்துபோகும் சந்தேகம், மூன்று நாள் மெயிலாக இழுத்தால் இப்படித்தான் ஆகும்.

மத்தளம்பாறை என்ன செய்தது?

தென்காசிக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 2011-ல் ஸோஹோ நிறுவனம் மத்தளம்பாறையில் ஒரு சின்ன ஆபீஸைத் தொடங்கியது. ஸோஹோ டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் உருவானது இங்கேதான். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவிலிருந்து இங்கேயே குடிவந்து, 2025 ஜனவரியில் சி.இ.ஓ. பொறுப்பை விடும்வரை இந்தக் கிராமத்தில் இருந்தபடியே கம்பெனியை நடத்தினார்.

இதை வொர்க் ஃப்ரம் ஹோம் வெற்றி என்று பலர் சொல்கிறார்கள். சரியாகப் பார்த்தால் அப்படி இல்லை. ஆளை வீட்டில் தனியாக உட்கார வைக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸைக் கொண்டுவந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகும் சிறு ஊர்களில் கிளை ஆபீஸ்களைத் திறந்தார்கள். ஊரும் கிடைத்தது, கூட வேலை பார்க்க நாலு பேரும் கிடைத்தார்கள்.

அந்த வசதி இல்லாதவர்கள்?

முதல் சண்டை வீட்டுக்குள்ளேதான். "வீட்லதான இருக்க, ரேஷன் கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துரு" என்று அம்மா சொல்வதில் தப்பில்லை. லேப்டாப் திறந்திருப்பது அவருக்கு வேலையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். தனி அறை இல்லாவிட்டாலும் தனி மேஜையும், வீட்டுக்கே தெரிந்த வேலை நேரமும் வேண்டும். மருமகள்களுக்கு இது இன்னும் கஷ்டம். ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில் குக்கர் விசிலையும் எண்ண வேண்டியிருக்கும்.

அடுத்தது கரன்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும். அன்று மீட்டிங் வைக்காமல் டீமிடம் சொல்லிவிடலாம். காற்றும் மழையுமான சீசனில் இன்வெர்ட்டரும், வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு போனும் கையில் இருப்பது நல்லது.

இதையெல்லாம்விட முக்கியம், கண்ணில் படுவது. இன்று என்ன முடிந்தது, எங்கே சிக்கியிருக்கிறது என்று தினமும் நாலு வரி எழுதிப் போடுங்கள். வேலை விஷயம் இல்லாமலும் வாரத்துக்கு ஒருமுறை சக ஊழியருக்கு போன் போடலாம். மாதம் ஒருமுறை நேரில் போய்விட்டு வருவது, டிக்கெட் காசுக்கு மேல் பலன் தரும்.

மலைக்கு அந்தப் பக்கம்

தனியாளால் ஆபீஸைக் கொண்டுவர முடியாது, அரசால் முடியும். கேரளா 2022-23 பட்ஜெட்டில் 'வொர்க் நியர் ஹோம்' திட்டத்துக்கு 50 கோடி ரூபாய் ஒதுக்கியது. எந்தக் கம்பெனி ஊழியரானாலும் தன் ஊர்ப்பக்கத்து மையத்தில் ஓர் இருக்கை எடுத்து வேலை பார்க்கலாம் என்பதுதான் யோசனை. முதல் மையத்துக்குத் தேர்வான ஊர், செங்கோட்டையில் ரயில் ஏறினால் மலை தாண்டி வரும் கொட்டாரக்கரை.

தமிழ்நாட்டிலும் விழுப்புரம், சேலம், தஞ்சாவூர், தூத்துக்குடியில் நியோ டைடல் பூங்காக்கள் 2024-ல் திறக்கப்பட்டன. அவை முக்கியமாக நிறுவனங்கள் வந்து இடம் எடுப்பதற்கானவை. சென்னைக் கம்பெனியில் வேலை, இலஞ்சியில் வீடு என்று இருக்கும் ஒருவருக்குத் தேவை ஒரு மாடி அல்ல. நல்ல நெட், ஒரு நாற்காலி, பக்கத்து நாற்காலியில் பேச ஓர் ஆள்.