ஈரக் காற்றும் உழைப்பாளியின் உடலும்

ஃபோர்ட் கொச்சியின் டோபிகானாவில் தமிழ் வண்ணார் சமூகத்தினர் தலைமுறைகளாகத் துணி வெளுத்து, கவ்வியேதுமின்றி முறுக்குக் கயிற்றின் புரிகளுக்கிடையே விளிம்பைச் செருகி உலர்த்தி வருகிறார்கள் என்பதும், சிறிது தொலைவில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் ஓட்டுக் கூரைப் பண்டகசாலைகளில் மிளகும் சுக்கும் நிரம்பிய மூட்டைகளைச் சுமட்டுத் தொழிலாளர்கள் ஏற்றி இறக்குகிறார்கள் என்பதும் அவ்வூரை அறிந்தவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள். துணி உலர்வதும் மிளகு காய்வதும் உழைப்பாளியின் வியர்வை ஆறுவதும் பிரகிருதியின் ஒரே நியதிக்குக் கட்டுப்பட்டவை. அந்நியதியைக் கருதாமல், வெப்பமானி காட்டும் ஒற்றை எண்ணையும் கடிகாரத்தையும் கொண்டே உழைப்பாளிகளுக்குப் பாதுகாப்பு வகுக்கப்படுகிறது என்பதே என் மனக்குறை.

உஷ்ணநிலை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள சக்தியின் அளவன்று. கரி நிரப்பிக் காய்ச்சிய இஸ்திரிப் பெட்டியில் இருப்பதைவிடக் கொச்சிக் காயலில் அடங்கிய வெப்பசக்தி கோடானுகோடி மடங்கு அதிகம்; ஆயினும் பெட்டியைக் காயலில் அமிழ்த்தினால் வெப்பம் பெட்டியிலிருந்து நீருக்குப் பாயுமே ஒழிய, நீரிலிருந்து பெட்டிக்குப் பாய்வதில்லை. இத்திசையை நிர்ணயிப்பது, 1865-இல் ஜெர்மானிய விஞ்ஞானி கிளாசியஸ் என்ட்ரோபி என்று பெயரிட்டதும், ஒரு பொருளின் சக்தி அதன் அணுக்களிடையே எத்தனை விதங்களில் பங்கிடப்படலாம் என்ற கணக்காகப் பின்னர் போல்ட்ஸ்மன் விளக்கியதுமான ஓர் அளவு. இயற்கை நிகழ்ச்சி எதிலும் அதன் மொத்தம் குறைவதில்லை; மேலே சொன்ன நியதி இதுவே. ஒரு பொருளுக்குச் சிறிதளவு வெப்பத்தைக் கொடுக்கும்போது அதன் என்ட்ரோபி எவ்வளவு அதிகம் உயர்கிறதோ, அவ்வளவு தாழ்ந்தது அப்பொருளின் உஷ்ணநிலை. தனவானின் பெட்டியிலிருந்து பத்து ரூபாய் வெளியேறுவதால் அவருக்கு நேரும் நஷ்டத்தைவிட அதைப் பெறும் ஏழைக்கு உண்டாகும் லாபம் பெரிது. அவ்வாறே சூடான பொருள் இழக்கும் என்ட்ரோபியைக் காட்டிலும் குளிர்ந்த பொருள் பெறும் என்ட்ரோபி மிகுதியாதலால், வெப்பம் அத்திசையில் செல்கிறது.

இதை மனித உடலுக்குப் பொருத்திப் பார்க்கவேண்டும். சும்மா அமர்ந்திருக்கும் உடலே சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. மூட்டை சுமக்கும் உடலோ அதைப்போல் நான்கு மடங்கேனும் உண்டாக்கும். தோலின் உஷ்ணநிலை ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ்; காற்றும் 35 டிகிரியை எட்டினால், ஒரு பக்கம் இழக்கும் என்ட்ரோபியும் மறுபக்கம் பெறுவதும் சமமாகி, உடலின் வெப்பம் காற்றுக்குச் செல்லாது நின்றுவிடும். அந்நேரத்தில் உயிரைக் காப்பது வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து கவர்ந்து செல்கிறது. திரவமாக ஒடுங்கிக் கிடந்த நீர் வெட்டவெளியில் பரவுகையில் அதன் என்ட்ரோபி பெருகி, தோல் இழந்ததை ஈடுசெய்து மிஞ்சுவதால், காற்று தோலைவிடச் சூடாக இருந்தபோதிலும் இது நிகழ்கிறது. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஆதாயம் சுருங்கி, ஈரப்பதம் நூறு சதவீதத்தை எட்டித் தோலும் காற்றும் ஒரே உஷ்ணநிலையில் இருக்கையில் அறவே இல்லாமற்போகும். வியர்வை வழியும், உடல் குளிராது.

குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி இந்த உண்மையை அப்படியே காட்டிவிடும். 39 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் கொண்ட மதுரைப் பகலில் அது சுமார் 25 டிகிரியைக் காட்டும். 34 டிகிரியும் 70 சதவீதமும் கொண்ட மட்டாஞ்சேரிப் பகலிலோ சுமார் 29. இந்த ஈரத்துணி அளவு 35 டிகிரி ஆனால், நிழலில் காற்றாட இருக்கும் ஆரோக்கியமானவரும் சில மணி நேரத்துக்குமேல் தாங்கமாட்டார் என்று 2010-இல் ஷெர்வுட், ஹ்யூபர் என்ற இரு விஞ்ஞானிகள் கணித்தார்கள். பின்னர் பென்சில்வேனியாவில் இளைஞர்களைக் கொண்டு நடந்த சோதனைகளில், ஈரக்காற்றில் அந்த எல்லை 31 டிகிரியை ஒட்டியே வந்துவிடுவது தெரிந்தது.

நம் வானிலைத் துறையின் இலக்கணப்படி கடற்கரையில் வெப்ப அலை என்று அறிவிக்க 37 டிகிரியேனும் வேண்டும். கொச்சி அதைத் தொடுவது அபூர்வம். ஈரமும் வெப்பமும் சேர்ந்த அசௌகரியம் குறித்து அத்துறை தரும் எச்சரிக்கை வரவேற்கத்தக்கதே எனினும், அதைக்கொண்டு எந்தப் பண்டகசாலையிலும் வேலை நிற்பதில்லை. கேரளத் தொழில் துறை கோடைதோறும் வெயிலில் வேலை செய்வோருக்கு நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு விதிக்கிறது. மனிதாபிமானம் மிக்க அந்த ஆணை, காற்றோட்டமற்ற பண்டகசாலைக்குள் மூட்டை அடுக்குபவரையும், கூரையின்கீழ் இஸ்திரிப் பெட்டியின் அனலோடு நிற்பவரையும் காணாமற் போகிறது. ஈரக்காற்றின் கொடுமைக்கு வெயிலும் வேண்டியதில்லை, நண்பகலும் வேண்டியதில்லை.

நம்மவர் பல்லாயிரம் பேர் உழைக்கும் கத்தார் நாட்டில், ஈரத்துணி வெப்பமானியின் அளவோடு வெயிலின் அனலையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் வேலையை நிறுத்தவேண்டும் என்று 2021-இலேயே விதி செய்துவிட்டார்கள். கேரளமும், சென்னை முதல் தூத்துக்குடி வரை நெடுங்கடற்கரை கொண்ட தமிழகமும் அதைச் செய்யாதிருக்க நியாயமில்லை. ஒவ்வொரு பண்டகசாலையிலும் சலவைக்கூடத்திலும் அக்குறியீட்டைக் காட்டும் கருவி தொங்கவேண்டும்; பத்திரிகைகள் அன்றாட வெப்பநிலையோடு அதன் அளவையும் அச்சிடவேண்டும்; ஓய்வு ஆணை அந்த எண்ணைப் பின்பற்றவேண்டும். வேலை நின்றால் கூலியும் நிற்குமாதலின், சுமட்டுத் தொழிலாளர் நல வாரியம் ஓய்வு நேரத்துக்கு ஈட்டுத்தொகை வழங்கவேண்டும். முதலாளி என்று ஒருவரும் இல்லாத சலவைத் தொழிலாளருக்கு அப்பொறுப்பைக் கொச்சி மாநகராட்சி ஏற்பதே முறை.